நிவாரணப் பணிக்குப் போனால் ஆளே மாறிவிடுவோமா? கேள்வி பதில்

(பல வருடங்களாக நிவாரணப் பணியில் இருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.)

கேள்வி: அக்கா, பேரிடர் பகுதிக்குப் போய் வந்தவர்கள் "நான் ஆளே மாறிட்டேன்" என்கிறார்கள். நிஜமா, பேச்சுக்கா?

பதில்: நிஜம்தான், ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் இல்லை. துயரத்தைப் பார்த்து மனசு இளகுவது ஊர் திரும்பியதும் பாதி வற்றிவிடும். நிலைக்கிற மாற்றம் வேறு. பாதிக்கப்பட்டவர்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துத்தான் பலரும் கிளம்புகிறார்கள். அங்கே போனால், தெருக்காரர்களே பொது அடுப்பு மூட்டி, நடக்க முடியாதவர்களைத் தூக்கிச் சேர்த்து, யாரைக் காணோம் என்று கணக்கும் எடுத்து வைத்திருப்பார்கள். 1995-ல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே எடுத்தது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். இதை நேரில் பார்த்தால், காப்பாற்ற வந்த ஆள் என்ற நினைப்பு தானாக உதிர்ந்துவிடும். அதன் பிறகு யாரையும் 'பாவம்' என்று பார்க்க வராது.

கேள்வி: எனக்கு மருத்துவமும் தெரியாது, பொறியியலும் தெரியாது. போய் என்ன செய்வது?

பதில்: சேறு அள்ளலாம், மூட்டை பிரிக்கலாம். வந்து குவிந்த துணி மூட்டைகளைப் பிரித்துப் பாருங்கள்: ஒற்றைச் செருப்பு, ஜிப் போன பை, கறை படிந்த சட்டை. (அலமாரியைக் காலி செய்வதற்கும் சிலர் உதவி என்றுதான் பெயர் வைக்கிறார்கள்.) ஒரு நாள் முழுக்க அதைப் பிரித்தவர், அப்புறம் யாருக்கு எதைக் கொடுப்பதற்கு முன்னாலும் "என்ன வேணும்?" என்று கேட்பார்.

சேறு அள்ளும்போது எதையும் வீட்டுக்காரரைக் கேட்காமல் வெளியே எறியாதீர்கள். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் தன்னார்வலர்கள் சேற்றில் கிடந்த புகைப்படங்களை ஒவ்வொன்றாகக் கழுவிக் காயவைத்து, உரியவர்களைத் தேடிக் கொடுத்தார்கள். அது பொறுமையும் அவசரமும் சேர்ந்த வேலை. பழைய படங்களின் மேற்பூச்சில் இருக்கும் ஜெலட்டினை ஈரத்தில் பாக்டீரியா தின்னும்; விட்டால் முகமே அழிந்துவிடும்.

கேள்வி: திரும்பி வந்ததிலிருந்து, வீட்டில் யாராவது குழாயைத் திறந்துவிட்டாலே கோபம் வருகிறது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

பதில்: இது பலருக்கும் வருவதுதான். முகாமில் குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்பது ஸ்ஃபியர் என்ற சர்வதேசத் தரக்கணக்கு. அளந்து ஊற்றிய கைக்கு ஓடுகிற குழாய் உறுத்தும். வீட்டாரிடம் எரிந்து விழாதீர்கள், அவர்கள் அங்கே வரவில்லையே. ஆனால் தூக்கம் கெட்டு, பார்த்த காட்சிகளே திரும்பத் திரும்ப வந்து, அது ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன்பே தாங்க முடியவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: வாழ்க்கையே வெறுமையாக இருக்கிறது. ஒரு மாற்றத்துக்காகப் போகலாமா?

பதில்: இப்போது வேண்டாம். உங்களைத் தேற்றும் வேலையையும் பாதிக்கப்பட்டவர்கள் தலையில் கட்டக் கூடாது. முதலில் உங்களுக்கு உதவி தேடுங்கள்.

கேள்வி: அங்கே இருப்பவர்களிடம் என்ன பேசுவது?

பதில்: "என்ன நடந்தது, எப்படித் தப்பிச்சீங்க" என்று துருவாதீர்கள். அவர்களாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். உலக சுகாதார அமைப்பு 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டியும் இதையே சொல்கிறது: கவனித்துப் பார், காதுகொடுத்துக் கேள், தேவையான உதவியோடு இணைத்துவிடு. மூன்றாவதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். மாத்திரை தீர்ந்துபோனவருக்கு ஆறுதலைவிட, மருத்துவ முகாம் எந்தப் பக்கம் என்ற தகவல்தான் முதலில் வேண்டும். முடிந்தால் கூடவே நடந்து போய் விட்டுவிட்டு வாருங்கள்.