கமாண்டுக்கு முன் நிறுவனம் மாறலாமா? – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய கேப்டன் ஐயாவுக்கு ஸலாம்.

நான் பெரியபட்டினத்துக்காரன். வயது 29. உள்நாட்டு நிறுவனம் ஒன்றில் ஏர்பஸ் 320 விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசராக (துணை விமானியாக) இருக்கிறேன், பேஸ் (பணித்தளம்) சென்னை. 2,600 மணிநேரம் பறந்திருக்கிறேன், கேப்டன் ஆவதற்குத் தேவையான ஏடிபிஎல் உரிமமும் கைக்கு வந்துவிட்டது. கமாண்ட், அதாவது கேப்டன் பதவி, பெறுவோர் பட்டியலில் என் முறை வர ஒன்றரை ஆண்டு ஆகும் என்கிறார்கள். இதற்கிடையில் வளைகுடா நிறுவனம் ஒன்று, பெரிய விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர் வேலை தர முன்வந்திருக்கிறது. சம்பளம் இப்போது வாங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வரி கிடையாது, வீடும் தருகிறார்கள். இங்கே வளர்ந்துவரும் இன்னொரு நிறுவனமோ, போயிங் 737க்கு வந்தால் ஓராண்டுக்குள் கேப்டன் ஆக்குவதாகச் சொல்கிறது. காக்கா (அண்ணன்) ஷார்ஜாவில் இருப்பதால் வாப்பா வளைகுடாவுக்கே போகச் சொல்கிறார். உம்மாவுக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டும். என் பயிற்சிச் செலவுக்காக ஒத்திக்கு விட்ட தென்னந்தோப்பை மீட்டாக வேண்டும் என்பது என் கவலை. நான் எதைத் தேர்ந்தெடுப்பது?

(பெயர் வேண்டாம்), பெரியபட்டினம்

*

அன்புள்ள தம்பிக்கு,

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது இருக்கும் இடத்திலேயே கமாண்ட் எடுங்கள். கேப்டனாகக் குறைந்தது 500 மணிநேரம் பறந்த பிறகு வளைகுடாவைப் பற்றி யோசியுங்கள். புதிய நிறுவனத்தின் வாய்வார்த்தையை நம்பி இப்போது மாற வேண்டாம்.

வேலை மாறும் விமானியோடு எது கூட வரும், எது வராது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பறந்த மணிநேரம் லாக்புக்கில் (விமானியின் பறத்தல் பதிவேட்டில்) இருக்கிறது. எந்த நாட்டுக்குப் போனாலும் அது உங்களுடையது. சீனியாரிட்டி அப்படியல்ல. புதிய இடத்தில் நீங்கள் சேரும் நாளுக்கு முந்தைய வாரம் உங்களைவிட ஐந்து வயது இளையவர் ஒருவர் சேர்ந்திருந்தால், அவருக்குப் பின்னால்தான் உங்கள் பெயர் இருக்கும். கமாண்டும் பேஸும் ரம்ஜானுக்குக் கேட்கும் விடுப்பும் பெரும்பாலும் அந்த வரிசைப்படியே கிடைக்கும். ஒன்றரை ஆண்டுத் தொலைவில் இருக்கும் முறையை விட்டுவிட்டு வேறொரு வரிசையின் கடைசியில் போய் நிற்பது சிறிய இழப்பு அல்ல. அதோடு, ஃபர்ஸ்ட் ஆபீசராக வலது இருக்கையில் சேர்த்த மணிநேரத்துக்கும் கேப்டனாக இடது இருக்கையில் சேர்த்த மணிநேரத்துக்கும் எந்த நிறுவனமும் ஒரே மதிப்புத் தருவதில்லை. இந்திய விதிப்படி ஒருவர் ஓராண்டில் 1,000 மணிநேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. அந்த வரம்புக்குள் பார்த்தாலும், நான் சொல்லும் 500 மணிநேரம் கமாண்ட் கிடைத்த பின் ஓராண்டுக்குள் சேர்ந்துவிடக் கூடியதுதான்.

இந்த யோசனைக்கு எதிரான வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைக்க மாட்டேன். 2017இல் நம் நாட்டு விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி, வேலையை விட ஃபர்ஸ்ட் ஆபீசர் ஆறு மாதமும் கேப்டன் ஓராண்டும் முன்னறிவிப்புத் தர வேண்டும். கேப்டன் ஆன பிறகு உங்களால் சட்டென்று வெளியேற முடியாது. அப்படியிருந்தும் நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை; ஏனென்றால் அந்த ஓராண்டிலும் இடது இருக்கையில்தான் பறந்துகொண்டிருப்பீர்கள்.

சம்பளத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள். ரோஸ்டரை (பணி அட்டவணையை) பற்றி ஒரு வரிகூட இல்லை. என்னைக் கேட்டால் நிறுவனத்தை எடைபோட வேண்டியது அங்கேதான். 2010 மே 22 அன்று, துபாயிலிருந்து இரவில் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் காலை ஆறு மணியளவில் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிச் சென்று விழுந்ததில் 158 பேர் இறந்தார்கள். கேப்டன் வழியில் ஒன்றரை மணிநேரத்துக்கும் மேல் தூங்கியிருந்ததையும், விழித்த பிறகும் நீங்காத தூக்க மயக்கம் அவருடைய தீர்மானங்களைப் பாதித்திருக்கக் கூடும் என்பதையும் விசாரணை அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. இறங்காமல் மீண்டும் மேலெழும்படி ஃபர்ஸ்ட் ஆபீசர் ஒரு முறைக்கு மேல் சொல்லியும் பயனில்லாமல் போயிற்று. அதிகாலை இரண்டு முதல் ஆறு வரை உடல் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். ஏடிசி (வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறை) சொன்ன உயரத்தை வாயால் திருப்பிச் சொல்லிவிட்டு, அந்த உயரத்தைப் பொருத்தும் குமிழைத் திருப்பக் கை போகும்போது, சொன்னது 8,000 அடியா 6,000 அடியா என்று மனம் வெறுமையாகிவிடும். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தால் அவர் கண்ணிலும் அதே கேள்வி இருக்கும். அந்த நேரத்தில் உங்களைக் காப்பது முந்தைய மூன்று நாட்களில் நீங்கள் தூங்கிய தூக்கம். விமானம் பெரியதா சிறியதா என்பதில் ஒன்றுமில்லை.

2024 ஜனவரியில் வெளியாகி 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்த புதிய பணிநேர விதிகள், வாராந்திர ஓய்வை 36 மணிநேரத்திலிருந்து 48 ஆக உயர்த்தின. இரவுப் பணியில் தரையிறக்கங்களை இரண்டாகக் குறைத்தன. அதற்கு ஏற்ப விமானிகளைத் திட்டமிட்டு வைத்துக்கொள்ளாததால் அந்த டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ய நேர்ந்ததும், அந்த நிறுவனத்துக்கு விதியிலிருந்து தற்காலிக விலக்கு தரப்பட்டதும் ஊரறிந்த செய்தி. ஆகவே எந்த நிறுவனத்திலும் ஹெச்ஆர் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு வராதீர்கள். அங்கே பறக்கும் ஃபர்ஸ்ட் ஆபீசர்கள் இரண்டு மூன்று பேரைப் பிடித்து, மாதத் தொடக்கத்தில் வந்த ரோஸ்டரையும் அந்த மாதம் உண்மையில் பறந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். களைப்பாக இருக்கிறது, பறக்க இயலாது என்று சொன்னவருக்கு என்ன நடந்தது, கோ-அரவுண்ட் (இறங்காமல் மீண்டும் மேலெழுதல்) செய்தவரிடம் விளக்கம் கேட்டார்களா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குத் தயங்கிப் பதில் சொல்லும் நிறுவனத்தில், எவ்வளவு கொடுத்தாலும், என் வீட்டுப் பிள்ளையைச் சேரவிட மாட்டேன்.

புதிய நிறுவனத்தின் வாக்குறுதிக்கு வருவோம். ஓராண்டுக்குள் கேப்டன் என்பது விமானங்கள் வந்து சேர்ந்தால்தான் நடக்கும். 2024 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தில் கதவுக்கான திறப்பை அடைத்திருந்த பலகை நடுவானில் பிய்ந்து போன பிறகு, அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 737 மேக்ஸ் உற்பத்தியை மாதம் 38 என்று கட்டுப்படுத்தியது. அதனால் விமானங்கள் தாமதமாகி, சம்பளம் வாங்கிக்கொண்டு பறக்காமல் காத்திருந்த விமானிகள் நம் நாட்டிலேயே இருந்தார்கள். உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: ஏர்பஸ்ஸிலிருந்து போயிங்குக்கு மாறினால் புதிய டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி), அதற்காகச் சில மாதங்கள் பறக்காத நிலை, பிறகு பாண்டு (குறித்த காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்). நம் கரையில் படகு முதலாளியான சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கியவர் அதை அடைக்காமல் வேறு படகில் ஏற முடியாது என்பதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். பாண்டும் அதே கட்டுதான். நிறுவனங்கள் மூழ்குவதையும் கண்டிருக்கிறோம். கிங்ஃபிஷர் 2012 அக்டோபரிலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் பறப்பதை நிறுத்தின. முதல் இரண்டிலும் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே சம்பளம் தடைப்பட்டிருந்தது. இப்போது இருக்கும் நிறுவனத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். அங்கே சம்பளம் ஒரு மாதம் தள்ளிப் போனாலும் நான் மேலே சொன்னதை எல்லாம் மறுபடி எடைபோட வேண்டும்.

வளைகுடாவை நான் குறைத்துப் பேசவில்லை. பயிற்சியிலும் கருவிகளிலும் அங்குள்ள பெரிய நிறுவனங்கள் முதல் வரிசையில் நிற்பவை. ஆனால் நீண்ட தூர விமானத்தில் வலது இருக்கையில் இருப்பவருக்கு மாதத்தில் கிடைக்கும் தரையிறக்கங்கள் மிகக் குறைவு. நாளுக்கு நான்கு செக்டர் (ஒரு புறப்பாடு, ஒரு தரையிறக்கம் கொண்ட பயணம்) பறந்து பழகிய கை அங்கே காய்ந்துவிடும். 2020இல் கொரோனா வந்தபோது எமிரேட்ஸ் உள்ளிட்ட பெரிய நிறுவனங்களே விமானிகளை நீக்கின. வேலை போனால் குடியிருப்பு விசாவும் கூடவே போய்விடும். அப்படித் திரும்பி வருபவர் கேப்டனாக வந்தால் இங்கே கதவு திறக்கும். ஃபர்ஸ்ட் ஆபீசராக வந்தால் மறுபடி வரிசையின் கடைசிதான். எப்போது போனாலும் இந்திய உரிமத்தையும் மருத்துவச் சான்றையும் காலாவதியாக விடாதீர்கள்.

உம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நம் மாவட்டத்து வானில் பறப்பவை உச்சிப்புளி கடற்படைத் தளத்து விமானங்கள்தான். பயணிகள் விமானம் வேண்டுமானால் மதுரைக்குப் போக வேண்டும். எங்கே சேர்ந்தாலும் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வாய்ப்பு உங்களுக்கு இல்லை. சென்னையில் 48 மணிநேர ஓய்வு கிடைத்ததும் இரவு ரயில் ஏறி விடியற்காலை ராமநாதபுரத்தில் இறங்கி, அன்று இரவே ரயிலில் திரும்பி வந்து வேலைக்குப் போவது மனதுக்கு இதமாக இருக்கலாம். உடலுக்கு அது ஓய்வு ஆகாது. மாதம் ஒரு முறை விடுப்பைச் சேர்த்துக்கொண்டு ஊருக்கு வாருங்கள். மற்ற நாட்களில் உம்மாவைச் சென்னைக்கு அழைத்து வைத்துக்கொள்ளுங்கள். வளைகுடாவிலிருந்தால் இந்த வசதியும் இவ்வளவு எளிதாக இராது.

தோப்பைப் பொறுத்தவரை, கேப்டன் சம்பளம் இங்கேயே ஃபர்ஸ்ட் ஆபீசர் சம்பளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வரும். ஒன்றரை ஆண்டு பொறுத்தால் வரியைக் கழித்த பின்னும் ஒத்தியை மீட்கும் கணக்கு சரியாகிவிடும். அதுவரை உரிமம் இழப்புக் காப்பீட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு மருத்துவப் பரிசோதனையில் தகுதி போனால் சம்பளம் நின்றுவிடும், கடன் நிற்காது. நிறுவனம் அந்தக் காப்பீட்டை எடுத்திருக்கிறதா, எவ்வளவு தொகைக்கு என்று இந்த வாரமே கேட்டு, போதாவிட்டால் சொந்தமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வளைகுடா நிறுவனத்துக்கு மறுப்பை மரியாதையாக எழுதுங்கள். கேப்டனாகப் பறந்த அனுபவத்தோடு மீண்டும் விண்ணப்பிக்க விரும்புவதாக அதில் குறிப்பிடுங்கள். புதிய நிறுவனம் விடாமல் அழைத்தால், கமாண்ட் பயிற்சி தொடங்கும் மாதத்தையும், அது தவறினால் பாண்டு ரத்தாகும் என்பதையும் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படி எழுதித் தந்தால் கையெழுத்திடும் முன் அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்புங்கள். இருவருமாக வரிவரியாகப் படித்துப் பார்ப்போம்.