பட்டை வரைந்தும் விடை தப்பாவது ஏன்?

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு எல்லாம் சரளமாக வரும். வாக்கியக் கணக்கில் மட்டும் தடுமாறுகிறாள். பள்ளியில் பார் மாடல் (கணக்கில் வரும் அளவுகளைப் பட்டைகளாகக் காட்டும் படம்) வரையச் சொல்கிறார்கள். அழகாக வரைகிறாள், ஆனால் விடை தப்பாக வருகிறது. இதற்கென்றே தனி வகுப்பு நடத்துகிறார்களாம். சேர்க்கலாமா?

பதில்: சேர்க்க வேண்டாம். அழகாக வரைந்தும் விடை தவறுகிறது என்றால், பெரும்பாலும் குழந்தை கூட்டலா கழித்தலா என்று மனத்துக்குள் முதலிலேயே முடிவு செய்துவிடுகிறாள். அப்புறம் அந்த முடிவுக்கு ஏற்றபடி பட்டையை வரைகிறாள். அந்தப் படம் ஆசிரியர் கேட்டதற்காக வரைந்தது, கணக்கைப் புரிந்துகொள்ள உதவாது.

இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். ‘ரவியிடம் 48 தபால்தலைகள் உள்ளன. இது மீனாவிடம் இருப்பதைவிட 15 அதிகம். இருவரிடமும் மொத்தம் எத்தனை?’ விடை 111 என்று வந்தால், ‘அதிகம்’ என்ற சொல்லைப் பார்த்தவுடன் 48-உடன் 15-ஐக் கூட்டி மீனாவுக்கு 63 கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். சரியான விடை 81. ‘அதிகம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி’ என்று சொல்லிக்கொடுத்த பழக்கம்தான் இதற்குக் காரணம். பாடப்புத்தகங்களும் இந்தப் பழக்கத்தை வளர்க்கின்றன. கழித்தல் பாடத்தின் கீழ் வரும் கணக்கெல்லாம் கழித்தலாகவே இருக்கும்போது, குழந்தை எதற்காகக் கணக்கை முழுக்கப் படிக்க வேண்டும்?

வீட்டில் இப்படிச் செய்யுங்கள். எண்களை மறைத்துவிட்டு, கணக்கை ஒவ்வொரு வாக்கியமாகப் படிக்கச் சொல்லுங்கள். ‘ரவியிடம் கொஞ்சம் தபால்தலைகள்’ என்றதும் ஒரு பட்டை. இரண்டாவது வாக்கியத்துக்குக் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: யாருடைய பட்டை நீளம்? ரவியுடையது. அதனால் மீனாவின் பட்டையை அதன் கீழே குட்டையாக வரைய வேண்டும். இரண்டு பட்டைகளும் இடப்பக்கம் ஒரே கோட்டில் தொடங்க வேண்டும். தொடக்கம் முன்பின்னாக இருந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. வீட்டுப்பாட நோட்டுகளில் அதிகம் பார்க்கும் பிழை இதுதான். பெயர்களை இடப்பக்கம் எழுதட்டும். எண்களை இப்போதுதான் திறந்து காட்ட வேண்டும்: ரவியின் பட்டைக்கு 48, நீண்டு நிற்கும் துண்டுக்கு 15. கேட்ட இடத்தில் கேள்விக்குறி. அதன்பின் 48-லிருந்து 15 போக 33 என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அளவுகோல் வேண்டாம். 15-க்கும் 48-க்கும் சரியான விகிதத்தில் நீளம் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ‘சம பங்கு’ என்று சொல்லும் துண்டுகள் மட்டும் சமமாகத் தெரிந்தால் போதும். அளவுகோல் இல்லாமல் வரைந்ததற்கு மதிப்பெண் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். அது கணிதம் கற்பிப்பதாகாது.

மொத்தமும் வித்தியாசமும் கொடுத்த கணக்கும் இதே வழிதான். மொத்தம் 96, வித்தியாசம் 18 என்றால், நீண்டு நிற்கும் 18-ஐ வெட்டிவிட்டால் மிஞ்சும் 78-இல் இரண்டு சம பட்டைகள். ஒன்று 39, மற்றது 57. முதலிலேயே 96-ஐப் பாதியாக்கினால் தவறும்.

ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கும் கணக்கில் மட்டும் நிறைய நேரம் செலவிடுங்கள். குமாரிடம் 70 மணிகள், லதாவிடம் 34. குமார் எத்தனை கொடுத்தால் இருவரிடமும் சமமாகும்? நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் 36 என்பார்கள். 36 கொடுத்தால் குமாரிடம் 34, லதாவிடம் 70, பழைய நிலை தலைகீழாகிவிடும். கொடுக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு பட்டை ஒன்று குறைகிறது, மற்றது ஒன்று கூடுகிறது, வித்தியாசம் இரண்டு குறைகிறது. ஆகவே 36-இல் பாதி, 18. காகிதத்தில் இரண்டு பட்டைகள் வெட்டி, நீண்டு நிற்கும் துண்டை நடுவில் மடித்துக் கிழித்து, குட்டைப் பட்டையின் முனையில் வைத்துக் காட்டுங்கள். இந்தக் கணக்கில் மாறாதது மொத்தம். வயதுக் கணக்கில் மாறாதது வித்தியாசம். அம்மாவுக்கு 36, மகனுக்கு 8 என்றால் வித்தியாசம் எப்போதும் 28. அம்மாவின் வயது மகனைப்போல் 3 மடங்காகும்போது மகனுக்கு ஒரு பங்கு, அம்மாவுக்கு மூன்று பங்கு, அந்த 28 இரண்டு பங்காக நிற்கும். ஒரு பங்கு 14, அப்போது மகனின் வயது அதுதான், அதாவது இன்னும் 6 ஆண்டுகள். வெளியிலிருந்து ஒருவருக்கு மட்டும் புதிதாகக் கிடைத்தால் இரண்டுமே மாறும், மற்றவருடைய பட்டைதான் மாறாமல் நிற்கும். எந்தக் கணக்கிலும் ‘எது மாறவில்லை?’ என்று கேட்ட பிறகே பேனாவை எடுக்கட்டும்.

இனி அந்தத் தனி வகுப்பு. சிங்கப்பூரின் தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டத்தில் 1980களில் இம்முறை வந்தபோது, முதலில் பொருள், அடுத்து படம், கடைசியில் எண் என்பதுதான் வரிசை. அந்த ஊரின் பெயரைப் போட்டு விற்பவர்கள் பலர் நடுப்படியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு ‘மாடல்’ பெயர் சூட்டி, அவற்றை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அடிப்படையில் இருப்பவை இரண்டே: ஒரு முழுமையைப் பிரிக்கும் பட்டை, இரண்டை ஒப்பிடும் பட்டை. மற்றவை இவற்றின் சேர்க்கை. பட்டையை முன்பே வரைந்து கட்டத்தை மட்டும் நிரப்பச் சொல்லும் ஒர்க்‌ஷீட், ஆப் எதற்கும் பணம் கொடுக்காதீர்கள். குழந்தை யோசிக்க வேண்டிய பகுதியை அவர்களே செய்து முடித்துவிட்டார்கள். நிலை 1, நிலை 2 என்று சான்றிதழ் தருவதாகச் சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு கணக்கு போதும். ஒன்று கூட்டலில் முடிந்தால் மற்றது வேறொன்றில் முடியட்டும். விடை வந்ததும் அதைப் பட்டைக்குள் எழுதி, கணக்கை மறுபடி படிக்கச் சொல்லுங்கள்: 48, 33, வித்தியாசம் 15, சரி. வரையாமலே சரியாகச் சொல்லத் தொடங்கினால் வீட்டில் பட்டையை விட்டுவிடலாம். தேர்வில் படத்துக்குத் தனி மதிப்பெண் இருந்தால் அங்கே மட்டும் வரையட்டும்.