இளைஞர்களுக்கு இயற்கைப் பாதுகாப்பு வேலை: எங்கே தொடங்குவது?

கேள்வி: எங்கள் பகுதி இளைஞர்களைச் சேர்த்து, சம்பளத்துடன் இயற்கைப் பாதுகாப்பு வேலைத் திட்டம் ஒன்று தொடங்க ஆசை. முதலில் என்ன செய்யவேண்டும்?

பதில்: முதலில் வேலையைத் தேடுங்கள், ஆட்களை அப்புறம் சேர்க்கலாம். தலைகீழாகச் செய்தால், ஆர்வமாக வந்த பிள்ளைகளுக்குக் கொடுக்க வேலை இருக்காது. கரையைப் பலப்படுத்துவதோ அந்நியக் களைச்செடிகளை அகற்றுவதோ, எதுவானாலும் நிலம் யாருடையதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

சம்பளம் தர நினைப்பது மிகச் சரி. அமெரிக்காவில் 1933 முதல் 1942 வரை நடந்த சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ் என்ற அரசு இயற்கைப் பாதுகாப்பு வேலைத் திட்டத்தில் சுமார் 30 லட்சம் இளைஞர்கள் வேலை செய்தார்கள், மாதம் 30 டாலர் கூலி, அதில் பெரும்பகுதி நேராக வீட்டுக்குப் போனது, அதனால்தான் ஏழை வீட்டுப் பிள்ளைகளால் வர முடிந்தது.

சரி, குழு? அனுபவமுள்ள ஒரு தலைவருக்கு எட்டுப் பத்துப் பேர் போதும். கையுறை, பூட்ஸ், முதலுதவிப் பெட்டி, விபத்துக் காப்பீடு இல்லாமல் ஒரு நாள்கூட வேண்டாம். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் வாங்குங்கள், இயந்திர ரம்பத்தின் பக்கமே அவர்களை விடாதீர்கள். நட்ட கன்றுக்கு அடுத்த கோடையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள், நிறையக் கன்றுகள் காய்ந்துபோவது அப்போதுதான்.