போன் எடுக்கவே பயமாக இருக்கிறது, டாக்டர்

கேள்வி: வயது 26. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். மீட்டிங்கில் என் முறை வருவதற்குள் நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்ந்து குரல் நடுங்குகிறது. பையரிடம் (எங்கள் சரக்கை வாங்குபவர்) போனில் பேச வேண்டியதைக்கூட மெயில் அனுப்பிச் சமாளிக்கிறேன். கல்லூரிக் காலத்திலிருந்தே இப்படித்தான். தோழி ஒருத்தி படபடப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் மாத்திரை கொடுத்து, மீட்டிங்குக்கு முன் போட்டுக்கொள்ளச் சொன்னாள். போடலாமா? எனக்குச் சிறுவயது முதல் வீசிங் உண்டு.

பதில்: முதலில் அந்த மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீசிங் உள்ளவர்கள் புரோப்ரனலால் சாப்பிட்டால் மூச்சுக்குழாய் சுருங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நேரத்தில் இன்ஹேலரும் சரியாகக் கேட்காது. வீசிங் இல்லாதவர்களுக்கும், எப்போதோ ஒரு மேடைப் பேச்சு என்றால் மட்டும் டாக்டர் எழுதித் தருவதுண்டு. தினமும் வரும் பயத்துக்கு அது தீர்வு இல்லை.

நீங்கள் சொல்வது சமூகப் பதற்றம், அதாவது மற்றவர்கள் நம்மை என்ன நினைப்பார்களோ என்ற தீராத பயம், போலத் தெரிகிறது. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும். வெறும் கூச்சம் என்றால் பேச ஆரம்பித்ததும் தணிந்துவிடும். 6 மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் பாதிக்கிறது என்றால் சிகிச்சை தேவை. ‘கொஞ்சம் தைரியமா இரேன்’ என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். இது தைரியக் குறைவு இல்லை. உங்களைக் குறைசொல்ல இதில் எதுவுமே இல்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த மெயில்தான். போனைத் தவிர்த்ததும் அப்பாடா என்று இருக்கும். ஆனால் ‘பேசாததால்தான் தப்பித்தோம்’ என்று மனம் பதிய வைத்துக்கொள்ளும். அடுத்த முறை பயம் இன்னும் கூடும். பேசப்போகும் வாக்கியத்தை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்ப்பதும் இதே வகைதான். கவனமெல்லாம் ‘குரல் நடுங்குதா’ என்பதிலேயே இருந்தால், எதிரில் இருப்பவர் கேட்டது காதில் விழாது. அப்புறம் பதிலும் வராது. உங்களுக்குத் தெரிகிற அளவு நடுக்கம் மற்றவர்களுக்குத் தெரிவதில்லை.

அதனால் சின்னதிலிருந்து தொடங்குங்கள். ஒரு கடைக்குப் போன் செய்து, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று மட்டும் கேளுங்கள். பேசப்போவதை எழுதி வைத்துக்கொண்டு பேச வேண்டாம். பேசுவதற்கு முன், என்ன ஆகிவிடும் என்று பயப்படுகிறீர்களோ அதை ஒரு வரி எழுதுங்கள். முடிந்ததும், உண்மையில் என்ன நடந்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். படபடப்பு வந்தாலும் போனை வைத்துவிடாதீர்கள். அது தானாக இறங்கும். ஒரு படி பழகிய பிறகே அடுத்தது: டையிங் யூனிட்டுக்கு ஒரு போன், மீட்டிங் தொடங்கியதுமே ஒரு சின்னக் கேள்வி, அப்புறம் பையர்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் படபடப்பு, எடை குறைவு, கை நடுக்கம் இருந்தால் தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனை செய்யுங்கள். காபியையும் குறைத்துப் பாருங்கள்.

தனியாகச் செய்ய முடியவில்லை என்றால் மனநல மருத்துவரையோ உளவியல் நிபுணரையோ பாருங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (CBT) இதற்கு நன்றாகப் பலன் தரும். தேவைப்பட்டால் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்ற மருந்துகள் தருவார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நீங்களாக நிறுத்தக் கூடாது. வீசிங் இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ஐ அழைக்கலாம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.