குடும்பம் பெருகும்போது பெரிய வீட்டுக்கு எப்போது மாற வேண்டும்?

வீடு போதவில்லை என்றால், ஒரே அறை ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்குத் தேவைப்படுகிறது என்று பொருள். ஓர் அறைக்கு 3 பேருக்கு மேல் போனால் நெரிசல் என்பது ஐ.நா. வாழ்விட அமைப்பின் அளவுகோல். நடைமுறையில் அதற்கு முன்பே இடிக்கும்: கூடத்தில் பாட்டிக்கு சீரியல், அங்கேயே பேரனுக்குப் பத்தாம் வகுப்புப் பாடம். ஒற்றை அடுப்பில் சமைக்கிற மாதிரிதான். சோறு இறங்கினால்தான் குழம்பு ஏறும்.

கைக்குழந்தைக்கு ஒரு தூளி கட்ட இடமிருந்தால் போதும், அவசரமில்லை. பிள்ளை தனியாக உட்கார்ந்து படிக்கும் வயதில், பள்ளி விடுமுறையான மே மாதத்தில் மாறுங்கள். அப்புறம், முன்பணம்: தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு தொகை எழுதினால் அதுதான் செல்லும்.

பரண் நிறைந்துவிட்டது என்று மாறுபவர்களும் உண்டு. அங்கே இடத்தை அடைப்பது பழைய சாமான், குடும்பம் அல்ல.