ஒன்றரை வயதுக் குழந்தையோடு மழைக்காலத்தில் இரண்டு மாதம் கிராமத்தில் போய் இருக்கலாமா?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: குழந்தைக்கு ஒன்றரை வயது, சென்னைத் தூசியில் அடிக்கடி சளி பிடிக்கிறது, ஐப்பசியும் கார்த்திகையும் ஊரில் போய் இருந்தால் நல்ல காற்றாவது கிடைக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள், போகலாமா?

போங்கள். ஆனால் காற்றுக்காகப் போகாதீர்கள்.

2024-ல் இதே இரண்டு மாதத்தை ஒரு வயது ஏழு மாதப் பெண்ணோடு பொன்னேரிக்கு அந்தப் பக்கம், ஆரணி ஆற்றங்கரையோரம் என் மாமியார் வீட்டில் கழித்தவள் நான். டாக்டர் இல்லை. மாமியாரைக் குறை சொல்ல எழுதுகிறேன் என்று யாராவது கிளம்பி வருவீர்கள், அதுவும் இல்லை, கடைசி வரை படியுங்கள்.

நாங்கள் இருப்பது வடசென்னையில், ஆலைகள் சூழ்ந்த எர்ணாவூர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. வடிந்த பிறகு எங்கள் தெருச் சுவரெல்லாம் முழங்கால் உயரத்துக்கு ஒரே கறுப்புக் கோடு. அது காய்வதற்குள், அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பாப்பாவுக்கு அப்போது ஒன்பது மாதம். ஈரத் துணியை அவள் முகத்தில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதற்குப் பிறகுதான் அவளுக்கு வீசிங் வந்தது. அதனால்தான் வந்தது என்று நிரூபிக்க முடியுமா என்றால் முடியாது. டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. புகை, தூசி இல்லாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். எர்ணாவூரில் இருப்பவளிடம் சொல்கிற வார்த்தையா அது!

சொந்தக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். "அந்தப் புகையில புள்ளைய வச்சிக்கினு இன்னாத்துக்கு அல்லாடுறே? ஊருக்குப் போ. ஊருக் காத்து பட்டா எல்லாம் ஓடிப்போவும்." ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் விம்கோ நகரில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினோம். பொன்னேரிக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது. இவர் துறைமுகப் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் வேலை, தினமும் அங்கிருந்தே போய் வருவதாக ஏற்பாடு.

ஊரில் முதல் சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். ஆறு மணிக்கு மாட்டுக் கொட்டகையில் வேப்பிலை போட்டு மூட்டம் போட்டார்கள். ஆறரைக்குப் பாப்பாவுக்குத் தலைக்கு ஊற்றி, கூடையைக் கவிழ்த்துத் தலைமுடிக்குச் சாம்பிராணிப் புகை காட்டினார்கள். அந்த வெந்நீர் காய்ந்தது விறகு அடுப்பில், விறகோ மழையில் நனைந்தது, எரிந்ததைவிடப் புகைந்ததுதான் அதிகம். எட்டு மணிக்குக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டுக் கட்டில் காலடியில் கொசுவர்த்தி. எர்ணாவூரில் வருஷம் பூராவும் சேர்த்து அவ்வளவு பக்கத்தில் அவள் புகை குடித்திருக்க மாட்டாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

நாலாம் ராத்திரி இழுக்க ஆரம்பித்தது. விலா எலும்புக்குக் கீழே தோல் உள்ளே உள்ளே போய் வந்தது. ஸ்பேசரில், அதாவது இன்ஹேலர் மருந்தைப் பிடித்துவைத்துக் கொடுக்கிற குழாயில், மாஸ்க் மாட்டி இன்ஹேலர் கொடுத்தேன், கொஞ்சம் அடங்கியது. விடிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு நர்ஸம்மா. பாப்பாவின் சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பார்த்துக்கொண்டே கைக்கடிகாரத்தில் ஒரு முழு நிமிஷம் எண்ணினார். அப்புறம் என்னை எண்ணச் சொன்னார். "ஒரு வயசுக்கு மேல அஞ்சு வயசு வரைக்கும் நிமிஷத்துக்கு 40 தொட்டாலே வேகமான மூச்சு. தூங்கும்போது எண்ணு, அழும்போது எண்ணாதே. விலா உள்ள போச்சுன்னா எண்ணிக்கினு ஒக்காராதே, கிளம்பி வந்துடு." அதன் பிறகு, "வீட்ல என்னென்ன புகை?" என்று கேட்டார். நான் விரல் விட்டுச் சொன்னேன். நாலாவது விரலில் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

நீங்கள் போவதாக இருந்தால் மூச்சு எண்ணுகிற இந்தப் பாடத்தை முதலில் கற்றுக்கொண்டு போங்கள். தடுப்பூசி அட்டையும் கையில் இருக்கட்டும். 16-லிருந்து 24 மாதத்துக்குள் போட வேண்டியது பாக்கியிருந்தால் அங்கேயே புதன்கிழமை போட்டுவிடுவார்கள்.

அத்தையிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, அதைவிட மோசம், சிரித்தார். "என் மூணு புள்ளைங்களையும் புகை காட்டித்தான் வளத்தேன். உன் புருஷன் நல்லாத்தானே இருக்கான்?" அந்த மூன்று பேரில் ஒருவரான என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாள் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மாமா எப்போதுமே பேசாத மனிதர். மூன்றாம் நாள் சாயங்காலம் மூட்டச் சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டகையின் தென்மேற்கு மூலையில் வைத்தார். ஐப்பசிக் காற்று வடகிழக்கிலிருந்து அடிப்பது. புகை அத்தனையும் வயல் பக்கம் போய்விட்டது. "மாட்டுக்கு?" என்று அத்தை கேட்டார். "மாட்டயும் அங்க கட்டிட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

கொசுவர்த்திக்குப் பதிலாகப் பொன்னேரி பஜாரில் கொசுவலை வாங்கினோம், ராத்திரிக்குக் கட்டிலுக்கு ஒன்று, பகல் தூக்கத்துக்குத் தூளிமேல் போட ஒன்று. டெங்குக் கொசு பகலில் கடிப்பது, அதனால் இரண்டாவதை வெட்டிச் செலவு என்று நினைக்காதீர்கள். தரையில் பாய் போட்டுப் படுப்பதையும் விட்டோம். மழைக்குக் கட்டுவிரியன் வீட்டுக்குள் வரும், தூங்குகிறவர்களைத்தான் கடிக்கும். இன்னொன்று, தண்ணீர். கிணற்றையும் குட்டையையும் எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள், குளியலறை வாளியை யாரும் பார்ப்பதில்லை. இந்த வயசுக் குழந்தை மூழ்க அரை வாளித் தண்ணீரே போதும்.

புகை நின்று ஒரு வாரத்தில் இழுப்பு நின்றது. அப்போதுதான் உறைத்தது, எர்ணாவூரிலும் நான் தினமும் சாயங்காலம் கொசுவர்த்தி ஏற்றிக்கொண்டுதான் இருந்தேன். புகைபோக்கிகளை மட்டும் திட்டிக்கொண்டிருந்தேன். ஆலைகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கறுப்புக் கோடு போட்ட சுவரை நான்தான் சோடா போட்டுத் தேய்த்தேன், அது போகவில்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. வடசென்னை என்றதும் ஏன் எல்லோரும் உச்சுக் கொட்டுகிறார்கள்? கல்யாணத்துக்கு முன்னால் தெற்கே ஒரு மழலையர் பள்ளியில் ஆயா வேலை இல்லை, டீச்சர் வேலைக்குத்தான் போனேன். விண்ணப்பத்தில் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "அங்கேர்ந்து பத்திரமா வந்துடுவீங்களா?" என்று கேட்டார்கள். வழியில் என்னை யாரோ வெட்டப்போவது மாதிரி. வேலை கிடைக்கவில்லை. எங்களிடம் வந்து இறங்கிய கரியில் எரிகிற விளக்கு உங்கள் வீட்டில் வெளிச்சம் தரும்போது மட்டும் யாரும் விலாசம் கேட்பதில்லை. ஊர்க்காரர்கள்கூட, "மெட்ராஸ்ல எங்க?" என்று கேட்டுவிட்டு எர்ணாவூர் என்றதும் குரலை இறக்குகிறார்கள். அவர்கள் வயலுக்கும் அத்திப்பட்டு அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் எத்தனை தூரம் என்று கேட்க வாய் வரும். அடக்கிக்கொள்வேன். சரி, விடுங்கள்.

ரயிலை நம்பி ஏற்பாடு செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வருஷம் அக்டோபர் 11, ஆயுத பூஜை அன்று ராத்திரி, கவரைப்பேட்டையில் மைசூரிலிருந்து தர்பங்கா போகும் பாக்மதி எக்ஸ்பிரஸ் சரக்கு ரயிலில் மோதியது. எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன். ஷெட்டில் பூஜை முடித்து இவர் லோக்கலில் வந்துகொண்டிருந்த நேரம், போன் போகவில்லை. பாப்பா தூங்காமல் "ப்பா, ப்பா" என்று வாசலைக் காட்டிக்கொண்டே இருந்தாள். இவருடைய வண்டி மீஞ்சூரோடு நின்றுவிட்டதாம். நள்ளிரவுக்கு மேல் யாருடைய வேனிலோ வந்து இறங்கினார், கையில் நமுத்துப்போன பொரிப் பொட்டலம். அந்த விபத்தில் உயிர்ச்சேதம் இல்லை என்று காலையில்தான் தெரிந்தது. அத்தை அந்தப் பொரியை வறுத்து எல்லோருக்கும் கொடுத்தார், முதல் முறையாக என்னை உட்காரவைத்துவிட்டு.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. எங்களுக்குக் காற்றும் மழையும்தான், ஆனால் கரண்ட் இரண்டு நாள் இல்லை. மருந்தை ஆவியாகப் பிடிக்கிற நெபுலைசர் மிஷினை நம்பிப் போயிருந்தால் அது பரண்மேல் பொம்மைதான். இன்ஹேலரும் ஸ்பேசரும் கரண்ட் கேட்காது. உங்கள் டாக்டரிடம் கேட்டு அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு எதற்குப் போகச் சொல்கிறாய் என்பீர்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் என்று மனப்பாடம் பண்ணவைத்தார். எர்ணாவூரில் அதற்கு ஒரே அர்த்தம், கட்டிலைச் செங்கல்மேல் தூக்கிவைப்பது. ஊரில் பாப்பாவோடு திண்ணையில் உட்கார்ந்தபோதுதான் அந்தக் காலம் கண்ணில் பட்டது. மழை விட்ட அரை மணியில் தட்டான் தாழப் பறக்கும், விளக்குக்கு ஈசல் வரும், வைக்கோல் போருக்கு அடியிலிருந்து மரவட்டை ஊர்ந்து வரும். முதல் நாள் அதைப் பார்த்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மறுநாள் ஒற்றை விரலால் தொட்டாள். அது சட்டென்று சுருண்டு வட்டமாகிவிட்டது. பாப்பா விரலை எடுத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "காச்சு" என்றாள். காசு. தாத்தா வெற்றிலைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுவாரே, அந்தக் காசு. அன்றிலிருந்து சுருண்ட மரவட்டை ஒவ்வொன்றையும் பொறுக்கிக்கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். எனக்கு அருவருப்புதான், ஆனாலும் கையை நீட்டிக்கொண்டுதான் இருந்தேன். போகும்போது நாலு வார்த்தை பேசினவள். திரும்பும்போது தவளை, நத்தை, சேறு, வரப்பு எல்லாவற்றுக்கும் அவளுக்கென்று ஒரு சொல் இருந்தது.

சேற்றுத் துணி துவைத்து, காயாமல், இட்லிக் குண்டான் மூடிமேல் போட்டுக் காயவைத்த கதையெல்லாம் வேண்டாம்.

டிசம்பர் 13 கார்த்திகை தீபம் முடிந்து கிளம்பினோம். அதற்கு முந்தின வாரம் ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது, அத்தை கொசுவலைக்குள் கையை விட்டுப் பாப்பாவின் வயிற்றில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுவைத் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. மாமா பக்கத்தில் கடிகாரத்துக்கு டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். "நாப்பது தாண்டல, போய்ப் படு" என்றார் அத்தை, என்னைப் பார்க்காமலே.

இப்போதும் ராத்திரி ஒன்பது மணிக்கு போன் வரும். சாப்பிட்டியா என்று கேட்கமாட்டார். "எத்தனை?" என்பார். நான், "இருபத்தெட்டு அத்தை" என்பேன். வைத்துவிடுவார்.