போன் ஹாட்ஸ்பாட்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

போனில் இருக்கும் இணையத்தை லேப்டாப்புக்கும் டிவிக்கும் பகிர்வது பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். ஒன்றை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹாட்ஸ்பாட்டில் இரண்டு இணைப்புகள் இருக்கின்றன. போனுக்கும் டவருக்கும் நடுவே ஒன்று, போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே இன்னொன்று. எது தகராறு செய்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப் ரொம்ப மெதுவாக இருக்கிறது. யூஎஸ்பி கேபிள் போட்டால் வேகம் கூடுமா?

லேப்டாப்பைத் துண்டித்துவிட்டு, போனிலேயே ஒரு ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். போனிலேயே 3 எம்பிபிஎஸ்தான் வருகிறது என்றால் எந்தக் கேபிளும் உதவாது, டவர் பக்கம்தான் பலவீனம். பலரும் போனை லேப்டாப்புக்குப் பக்கத்தில், மேஜை மேலேயே வைத்துக்கொள்கிறார்கள். அது தேவையில்லை. சிக்னல் நன்றாக இருக்கும் ஜன்னலோரமோ மாடிப்படியோ, அங்கே போனை வையுங்கள். லேப்டாப் அடுத்த அறையில் இருந்தாலும் வைஃபை எட்டிவிடும். கான்கிரீட் வீடுகளில் இந்த இடமாற்றம் ஒன்றே பெரிய வித்தியாசம் காட்டும்.

போனில் வேகம் நன்றாக இருந்து லேப்டாப்பில் மட்டும் குறைந்தால் கோளாறு இரண்டாவது இணைப்பில். ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் 5-க்கு மாற்றிப் பாருங்கள். அபார்ட்மென்ட்டில் எல்லா வீட்டு வைஃபையும் புளூடூத்தும் 2.4-இல்தான் முட்டிக்கொள்கின்றன. 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கேபிள் எனக்குப் பிடித்த வழி. வைஃபை நெரிசல் பாதிக்காது, போனும் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிள்களில் டேட்டா போகாது, அதைப் பார்த்து வாங்குங்கள். ஐபோனை விண்டோஸ் லேப்டாப்பில் இப்படி இணைக்க ஐடியூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் செயலி வேண்டும்.

சார், மீட்டிங் நடுவில் யாராவது கால் பண்ணினால் நெட் கட் ஆகிவிடுகிறது. இரண்டு சிம் போன்.

கால் எந்த சிம்முக்கு வருகிறது என்று கவனியுங்கள். டேட்டா ஒரு சிம்மில், கால் இன்னொரு சிம்மில் என்றால், பல போன்களில் பேசி முடிக்கும்வரை டேட்டா நின்றுவிடும். சிம் அமைப்பில் அழைப்பின்போது டேட்டா சிம்மை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். இரண்டாவது சிம்மிலும் டேட்டா பேக் இருந்தால்தான் அது பயன்படும். இல்லையென்றால் மீட்டிங் நேரத்துக்கு அந்த சிம்மை அணைத்து வையுங்கள்.

டேட்டா சிம்முக்கே கால் வந்து கட் ஆகிறது என்றால் வோல்ட்டி (4ஜி வழியாகவே கால் பேசும் வசதி) அணைந்திருக்கும். வோல்ட்டி இல்லாமல் கால் வந்தால் போன் 4ஜி-யிலிருந்து இறங்கிவிடும்.

தினம் 2 ஜிபி பேக். லேப்டாப்பை இணைத்தால் காலை 10 மணிக்கே காலி!

அது வழக்கமாக விண்டோஸ் அப்டேட்டும், போட்டோக்களை மேலேற்றும் கிளவுட் செயலிகளும் செய்யும் வேலை. வைஃபை என்றால் அளவில்லாத இணைப்பு என்று லேப்டாப் நினைத்துக்கொள்கிறது. விண்டோஸில் அந்த ஹாட்ஸ்பாட்டின் பண்புகளுக்குள் போய் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' (அளவோடு செலவழிக்க வேண்டிய இணைப்பு) என்பதை ஆன் செய்யுங்கள். மேக், ஐபேடில் 'லோ டேட்டா மோட்' இருக்கிறது. கிளவுட் ஒத்திசைவையும் கையால் நிறுத்தி வையுங்கள். வீடியோவும் கணக்கில் வரும்: எச்டி தரத்தில் நெட்ஃபிளிக்ஸ் பார்த்தால் மணிக்கு 3 ஜிபி வரை போகும். அன்றைய அளவு தீர்ந்தால் பல பேக்குகளில் வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கும். அதில் வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி போகும், லேப்டாப் வேலை நடக்காது.

என் ஐபோன் ஹாட்ஸ்பாட் பழைய லேப்டாப்பில் தெரியவே இல்லை அண்ணா.

ஐபோன் 12-லும் அதற்குப் பிந்தைய மாடல்களிலும் பர்சனல் ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்தால் 2.4-க்கு வந்துவிடும், பழைய கருவிகளுக்கும் தெரியும். லேப்டாப் இணையும்வரை அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் பட்டனே ஆன் ஆகவில்லை.

டேட்டா சேவர் ஆன் ஆகியிருக்கும். அணைத்துவிட்டு முயலுங்கள்.

ஊரில் அப்பா அம்மா மட்டும் இருக்கிறார்கள். சிசிடிவி டிவிஆரை (கேமரா காட்சிகளைப் பதிவு செய்யும் பெட்டி) அப்பாவின் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் சென்னையிலிருந்து பார்க்கலாமா?

அப்பா போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் கேமராவின் இணையமும் கூடவே போய்விடும். அவர்கள் பாதுகாப்புக்காக வைப்பது என்பதால் இதை நம்ப வேண்டாம். சிம் போடும் 4ஜி ரவுட்டர் ஒன்று வாங்கி, தனி சிம் போட்டு வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அப்போதும் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து நேராக டிவிஆருக்கு வர ரவுட்டரில் வழி திறந்துவிடுவது) பெரும்பாலும் வேலை செய்யாது. மொபைல் நிறுவனங்கள் ஒரே இணைய முகவரியை (ஐபிவி4)ப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன, அதனால் வெளியிலிருந்து உங்கள் டிவிஆரைத் தேடி வர வழி இல்லை. க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து செயலியில் சேர்க்கும் பி2பி வசதி உள்ள டிவிஆர் என்றால் பிரச்சினை இல்லை, அது தானே வெளியே போய் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு கொள்ளும். முதல் நாளே டிவிஆரின் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டிலேயே விட்டால் உங்கள் வீட்டை வேறு யாரோ பார்க்க முடியும்.

போன் அடுப்பு மாதிரி சூடாகிறது.

சார்ஜ், 4ஜி, வைஃபை மூன்றும் சேர்ந்தால் சூடாகத்தான் செய்யும். சிக்னல் குறைந்த இடத்தில் டவரை எட்டப் போன் கூடுதல் சக்தி செலவழிக்கும், சூடு இன்னும் ஏறும். கவரைக் கழற்றி, நேர் வெயில் படாமல், காற்றோட்டமாக வையுங்கள். தலையணைக்கு அடியில் கண்டிப்பாக வேண்டாம். வெறும் மெயில் பார்க்கத்தான் என்றால் புளூடூத் டெதரிங் (வைஃபைக்குப் பதில் புளூடூத்தில் நெட்டைப் பகிர்வது) போதும். வேகம் குறைவு, பேட்டரியும் குறைவாகவே செலவாகும்.

பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் அவசரமாகப் பணம் அனுப்பணும் என்று ஹாட்ஸ்பாட் கேட்டார். கொடுக்கலாமா?

கொடுக்கலாம், அவசரம் யாருக்கும் வரும். ஆனால் அவர் செய்வதெல்லாம் வெளியே உங்கள் சிம்மின் இணைப்பில் நடந்ததாகத்தான் பதிவாகும். அதனால் வேலை முடிந்ததும் அணைத்துவிட்டு பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அடுத்த முறை நீங்கள் ஆன் செய்யும்போது, அருகில் இருந்தால் அவர் போன் தானாகவே இணைந்துகொள்ளும்.